முகபடாம் இல்லாத ஊர்வலம்

திருச்சூரில் முப்பது யானைகள் குடை தாங்கி நிற்கின்றன, இலட்சம் பேர் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். ஜோகூரில் ஒரு யானைக் கூட்டம் சாலையைக் கடக்க வழியில்லாமல் செம்பனைக்குள் நிற்கிறது. பிள்ளையாரை முன்வைத்து எதையும் தொடங்கும் நாம் இந்த இரண்டு கூட்டத்துக்கும் என்ன செய்யப் போகிறோம்?

மாலை ஐந்தரை மணி. தேக்கின்காடு மைதானத்தில் தூக்கிய காலைத் திரும்ப வைக்க இடமில்லை. வடக்குநாதர் கோயிலின் தெற்குக் கோபுர வாசல் வழியாக யானைகள் ஒவ்வொன்றாக வந்து அணிவகுத்தன. பாறமேக்காவு பக்கம் பதினைந்து, திருவம்பாடி பக்கம் பதினைந்து. இரண்டு வரிசையும் முகத்துக்கு முகம் நின்றன. சாயும் வெயில் நெற்றிப்பட்டங்களின் பொன்குமிழ்களில் பட்டுத் தெறித்தது. நடுவில் நின்ற யானையின் மேல் அம்மனின் திடம்பு, அதாவது உற்சவ உரு. ஒரு பக்கம் சிவப்புக் குடைகள் விரிந்தன. எதிர்ப்பக்கம் பச்சை. இவர்கள் அதை மடக்கி மஞ்சள் விரித்தார்கள், அவர்கள் ஊதா. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூட்டம் கைகளை மேலே வீசி ஆர்ப்பரித்தது. செண்டை ஒலி காதில் விழவில்லை, நேராக நெஞ்செலும்பில் விழுந்தது. நானும் கத்தினேன். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

ஜோகூர் பாருவிலிருந்து திருச்சூர் பூரம் பார்க்கப் போனவன் நான். எங்கள் தோட்டத்துக் கிராணி ஒரு மலையாளி. சித்திரை வந்தால் பூரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார். சின்ன வயதில் அவர் வாயால் கேட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பார்த்தேன். அவர் சொன்னதில் துளியும் மிகையில்லை.

அவர் சொல்லாத ஒன்றை மறுநாள் பார்த்தேன். மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மர நிழலில், முந்தின நாள் அலங்காரமெல்லாம் கழற்றிய ஒரு கொம்பன். முன்னால் பனைமட்டைக் குவியல், அதை அது தொடவே இல்லை. பாகன் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பின்னங்காலில் சங்கிலி கிடந்த இடத்துக்கு மேலே, விரற்கடை அகலத்தில் ஒரு வளையம். அங்கே மயிரில்லை, தோல் சாம்பல் நிறம் போய் இளஞ்சிவப்பாக இருந்தது, மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசியிருந்தார்கள். பாகனும் தூங்கியவராகத் தெரியவில்லை. தண்ணீர் பட்டதும் யானை அந்தக் காலை மட்டும் மெல்லத் தூக்கி, கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தது.

அந்தக் காலைத்தான் ஊர் திரும்பியும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு

2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை. உலகம் அன்னையர் தினம் கொண்டாடிய நாள். விடிவதற்கு முன், கிரீக் – ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஐந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆண் யானைக்குட்டி லாரியில் அடிபட்டு அதன் அடியில் சிக்கியது. தாய் யானை அந்த லாரியில் தலையை முட்டி நின்ற காணொளியைப் பார்க்காத மலேசியர் குறைவு. எங்கள் ஆலயப் புலனக் குழுவில் அன்று வேறு பேச்சே இல்லை. சமையற்கட்டில் நின்றபடியே அழுததாக ஓர் அக்கா எழுதியிருந்தார்.

அதே குழுவில் சில வாரம் கழித்து இன்னொரு காணொளி. கேரளத்துக் கோயில் ஒன்றில் பட்டம் கட்டிய யானை. “நம்ம கும்பாபிஷேகத்துக்கும் இப்படி ஒன்று கொண்டு வர முடிந்தால் எப்படி இருக்கும்!” என்று ஒருவர் எழுத, கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. குட்டிக்காக அழுதவர்களும் கைகூப்பியவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு உணர்ச்சியும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே விலங்கைப் பற்றியவை என்பதை ஒருதடவையாவது சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டாமா?

தம்புரான் கூட்டிய கூட்டம்

பூரத்தின் கதை சுருக்கமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கொச்சியை ஆண்ட சக்தன் தம்புரான், திருச்சூர் சுற்றுவட்டாரக் கோயில்களை வடக்குநாதர் சந்நிதியில் ஒன்றுசேர்த்துத் தொடங்கி வைத்த விழா அது. பாறமேக்காவு, திருவம்பாடி என்ற இரண்டு அணிகளின் போட்டியே அதன் உயிர். யார் குடை புதுசு, யார் மேளம் பெரிசு, யார் யானை உயரம்.

அந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. உயரமான கொம்பனுக்கு ரசிகர் கூட்டம் உண்டு, பதாகை உண்டு, ஒரு நாள் எழுந்தருளிப்புக்குப் பெருந்தொகை வாடகை உண்டு. மார்கழியில் தொடங்கி வைகாசி வரை ஓயாத பருவம். இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர், நடுவில் லாரிப் பயணம். 2018இல் எடுத்த கணக்கில் கேரளத்தில் 521 வளர்ப்பு யானைகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆண். அதற்குப் பின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருகிறது. விழாக்கள் குறையவில்லை. அப்படியென்றால் ஒவ்வொரு யானையின் முதுகிலும் ஏறும் நாட்கள் கூடுகின்றன என்று அர்த்தம்.

நம் பக்கத்திலும் யானைக்கு அரச மரியாதை இருந்திருக்கிறது. 1511இல் மலாக்காவைத் தாக்கிய போர்த்துக்கீசியரை மலாக்காச் சுல்தானின் படை யானைமேல் இருந்தே எதிர்த்தது. அந்த வம்சம்தான் பின்னர் ஜோகூர் அரசை நிறுவியது. பத்து காஜா, அலோர் காஜா என்று ஊர்ப் பெயர்களிலும் யானை நிற்கிறது. ‘காஜா’ நம் கஜம்தான்.

---

பெட்டிச் செய்தி: யானையின் உடம்பு

* ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோ தீனி. காட்டில் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி மேய்வதிலேயே போகும்.
* சினைக்காலம் 18 முதல் 22 மாதம். ஒரு குட்டி போனால் அந்தத் தாய்க்கு அடுத்தது வர ஆண்டுகள் ஆகும்.
* நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. கால் நகங்களைச் சுற்றித்தான் வியர்வை. காதை வீசுவது உடம்புச் சூட்டை இறக்க.
* மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்ளும். நிலத்து அதிர்வைப் பாதத்தால் உணரும். நூறு செண்டையும் அதிர்வேட்டும் அதன் உடம்பில் எப்படி இறங்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.
* வளர்ந்த ஆண் யானைக்கு ஆண்டுதோறும் மதம் பிடிக்கும். அது நோயல்ல, இயல்பு. அந்த நாட்களில் அது பெண் யானையைத் தேடி அலையும், மனிதக் கூட்டத்தை அல்ல.

---

பட்டத்துக்குக் கீழே

தெச்சிக்கோட்டுக்காவு ராமச்சந்திரன். கேரளத்தின் மிக உயரமான வளர்ப்பு யானை என்று பெயர் பெற்ற கொம்பன், பத்தடிக்கு மேல். பீகாரிலிருந்து வந்தவன். ஒரு கண்ணில் பார்வை போனவன். பல ஆண்டுகள் பூரத்துக்கு முந்திய நாள் தெற்குக் கோபுர வாசலைத் தள்ளித் திறந்து விழாவை அறிவித்தவன் அவன்தான். அவன் தலையைத் தூக்கி வெளியே வரும் அந்த ஒரு கணத்துக்காகவே பல்லாயிரம் பேர் வருவார்கள். அந்த ராமச்சந்திரனால் உயிரிழந்தவர்கள் 13 பேர் என்பது கேரளத்துப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதிய கணக்கு. 2019இல் அவனுக்குத் தடை வந்தது, ரசிகர்கள் கொதித்தார்கள், கடைசியில் ஒரு மணி நேரச் சடங்குக்கு மட்டும் அனுமதித்தார்கள்.

பார்வை குறைந்த, மதநீர் சுரக்கும் ஓர் ஆண் விலங்கை வேட்டுக்கும் விளக்குக்கும் நடுவில் நிறுத்தினோம். அது திரும்பியதும் ‘கொலைகார யானை’ என்று பட்டம் கட்டினோம். முதல் பட்டமும் நம்முடையது, இரண்டாவதும் நம்முடையது.

2025 பிப்ரவரி 13, கோழிக்கோடு மாவட்டம் கொயிலாண்டி, மணக்குளங்கரை கோயில் விழா. குருவாயூரிலிருந்து வந்த பீதாம்பரன், கோகுல் என்ற இரண்டு யானைகள். வெடிச்சத்தத்தில் ஒன்று மிரண்டு மற்றொன்றைக் குத்த, இரண்டும் ஓட, கூட்டம் சிதற, மூன்று பேர் செத்துப்போனார்கள். மூவரும் வயதானவர்கள், விழா பார்க்க வந்தவர்கள்.

இதற்கு மூன்று மாதம் முன்புதான் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வரையறை போட்டிருந்தது. யானைக்கும் யானைக்கும் இடையே 3 மீட்டர், யானைக்கும் மக்களுக்கும் இடையே 8 மீட்டர், வெடி போடும் இடத்திலிருந்து 100 மீட்டர் தூரம் இருக்க வேண்டும். பகல் 9 மணி முதல் மாலை 5 மணி வரை சாலையில் ஊர்வலம் கூடாது. படித்தபோது எனக்கு அதில் ஒன்றும் கடுமையாகப் படவில்லை. ஆனால் 3 மீட்டர் இடைவெளி விட்டால் பதினைந்து யானையை வரிசையாக நிறுத்த மைதானத்தில் இடம் போதாது, மரபே அழிந்துவிடும் என்று கோயில் நிர்வாகங்களான தேவஸ்வங்கள் உச்ச நீதிமன்றம் போயின. 2024 டிசம்பரில் அந்த வரையறைக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. இடம் போதவில்லை என்றால் யானையைக் குறைக்கலாமே என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. இதில் நான் தேவஸ்வங்களோடு ஒத்துப்போக முடியாது.

பாகன்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். யானை மிரண்டால் முதல் பலி பெரும்பாலும் அவர்கள்தான். குறைந்த கூலி, உறக்கமில்லாத பருவம், குடும்பத்தைப் பிரிந்த வாழ்க்கை. யானையின் காலில் சங்கிலி தெரிகிறது. பாகனின் காலில் கிடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

காந்திமதிக்குச் செருப்பு

தமிழ்நாட்டில் கதை வேறு. அங்கே முப்பது யானை அணிவகுப்பு கிடையாது. கோயிலுக்கு ஒரு யானை, பெரும்பாலும் பெண். விடியற்காலையில் தீர்த்தக் குடம் சுமக்கும், வீதியுலாவில் சுவாமிக்கு முன்னால் நடக்கும், மற்ற நேரத்தில் மண்டபத்தில் நின்று தும்பிக்கையால் ஆசி தரும்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்கு 50 வயது தாண்டியதும் மூட்டுவலி வந்தது. 2022இல் பக்தர்கள் சேர்ந்து 12,000 ரூபாய் செலவில் தோல் செருப்பு தைத்துக் கொடுத்தார்கள். தேர் வீதியின் கொதிக்கும் தாரில் அது செருப்பு போட்டு நடந்த படம் உலகமெல்லாம் போயிற்று. அந்தச் செருப்பில் எவ்வளவு அன்பு இருக்கிறதோ அவ்வளவு குற்றமும் இருக்கிறது. சேற்றிலும் இலைச்சருகிலும் நடக்கப் படைத்த பாதம் ஆண்டுக்கணக்கில் கருங்கல்லில் நின்றால் தேயாமல் என்ன செய்யும்? காந்திமதி 2025 ஜனவரியில் இறந்தது. ஊரே திரண்டு அழுதது.

புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி 2022 நவம்பர் 30 காலை நடைப்பயிற்சியில் சாலையிலேயே சரிந்து விழுந்து இறந்தது. அதன் இறுதி ஊர்வலத்தில் புதுச்சேரியே நடந்தது. 2024 நவம்பர் 18 அன்று திருச்செந்தூரில் கோயில் யானை தெய்வானை, தன் பாகனையும் அவருடைய உறவினரையும் தாக்கியதில் இருவரும் இறந்தார்கள். முருகன் தலம், அவன் தேவியின் பெயர். யானை வளர்த்த மகள் என்பதால்தான் அவள் தெய்வ‘யானை’. அந்தப் பெயரைத் தாங்கிய யானைக்குத் தன் இனத்தார் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை.

கோயில் யானைகளின் ஓய்வுக்காகத் தமிழக அரசு 2003இல் முதுமலையில் முகாம் தொடங்கியது. பிறகு மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் 48 நாள் முகாமாக அது நடந்தது. ஆற்றங்கரையில் யானைகள் ஒன்றையொன்று பார்த்ததும் தும்பிக்கை பின்னி நிற்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஆண்டில் 48 நாள் சொந்தங்களோடு, மிச்ச நாளெல்லாம் தனியாக. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களோ தனியாரோ இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்ற திசையில் உத்தரவிட்டது. இருப்பவற்றை நன்றாகப் பார்த்துக்கொள், புதிதாகப் பிடித்து வராதே. என் கருத்தும் அதுதான். ஐம்பது வயது யானையை அவிழ்த்துக் காட்டில் விட முடியாது, அதற்குக் காடும் தெரியாது. அதன் கடைசிக்காலம் மண் தரையிலும் தண்ணீரிலும் துணையோடும் கழியட்டும். அதோடு போதும்.

---

பெட்டிச் செய்தி: கண்டியும் கதிர்காமமும்

இலங்கையில் யானையில்லாமல் எசல பெரஹரா இல்லை. கண்டியில் புத்தரின் தந்தப் பேழையைக் கொம்பன் யானை சுமக்கும். நாதன், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி (நம் கண்ணகி) தேவாலயங்களின் ஊர்வலங்களும் அதே விழாவில் சேரும். கதிர்காமத்தில் ஆடி விழா இரவுகளில் முருகனின் யந்திரப் பேழை யானைமேல் ஏறி வள்ளியம்மன் சந்நிதிக்குப் போகும்.

2019 ஆகஸ்டில் ‘திக்கிரி’ என்ற 70 வயதுப் பெண் யானையின் படம் வெளியானது. மின்விளக்குப் பட்டுடைக்குள் அழகாக நடந்த யானை, உடையைக் கழற்றியதும் விலா எலும்புகளும் முதுகெலும்பும் மட்டுமாக நின்றது. அடுத்த மாதமே இறந்தது.

2001இல் தாய்லாந்து அன்பளிப்பாக அனுப்பிய முத்துராஜா இலங்கையில் ஒரு விகாரையில் வளர்ந்தது. முன்னங்கால் மடக்க முடியாமல் விறைத்துப்போன நிலையில், 2023 ஜூலை 2 அன்று தாய்லாந்து அதைச் சரக்கு விமானத்தில் திரும்ப அழைத்துக்கொண்டது. கொடுத்த பரிசைத் திரும்பக் கேட்டு வாங்கியதில் எந்த அவமானமும் இல்லை.

---

ரப்பர் யானை, மர யானை

2023 பிப்ரவரி 26. திருச்சூர் மாவட்டம் இரிஞ்சாடப்பிள்ளி ஸ்ரீகிருஷ்ணர் கோயிலில் ‘நடையிருத்தல்’ நடந்தது. கோயிலுக்கு யானையைக் காணிக்கையாக விடும் சடங்கு அது. விடப்பட்ட யானையின் பெயர் இரிஞ்சாடப்பிள்ளி ராமன். பதினோரு அடி உயரம், 800 கிலோ எடை, ஐந்து லட்சம் ரூபாய் விலை. தலையாட்டும், காதசைக்கும், கண் சிமிட்டும், தும்பிக்கையால் தண்ணீர் பீச்சும். உள்ளே இரும்புச் சட்டமும் ஐந்து மோட்டாரும், வெளியே ரப்பர் தோல். விலங்குநல அமைப்பான பீட்டாவின் இந்தியக் கிளை நடிகை பார்வதி திருவோத்துவின் ஆதரவோடு தந்தது. அதன்பின் கேரளம், கர்நாடகம், நீலகிரியின் கூடலூர் என்று இயந்திர யானைகள் கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

முதல் செய்தி வந்தபோது எனக்கும் முகம் சுளித்தது. பொம்மைக்கு முன்னால் பஞ்சவாத்தியமா? பக்திக்கு மோட்டாரா?

பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் கோயில்களில் திருவிழா நாளில் சுவாமி எதன்மேல் வருகிறார்? மயில்வாகனம் மரம். காமதேனு மரம். ரிஷபம் மரமோ வெள்ளியோ. யானை வாகனமும் மரம்தான்! தந்தம் வைத்து, துதிக்கை வளைத்து, கழுத்தில் மணி தீட்டி, தச்சன் செதுக்கிய யானை. தமிழ்க் கோயிலில் தெய்வம் ஏறுகிற யானை நூற்றாண்டுகளாகக் கட்டையில் செய்ததுதான். அதைத் தோள் கொடுத்துத் தூக்கி, ஆட்டி ஆட்டி நடை காட்டி, யானை வருவதுபோலவே கொண்டு வருவார்கள் சீர்பாதம் தாங்கிகள். அந்த ஆட்டத்தில் உயிர் இல்லையென்று இதுவரை ஒரு பக்தரும் சொன்னதில்லை. கூட்டத்தில் நிற்கும் குழந்தை “யானை, யானை” என்றுதான் கத்தும்.

அப்படியிருக்க, ரப்பர் யானை நம் மரபுக்கு எப்படி அந்நியம்? உயிருள்ள யானையைக் கட்டிப்போட்டதைவிட இது ஆகமத்துக்கு எந்த வகையில் தூரம்? ஒரு தச்சனின் உளி செய்ததை இப்போது மோட்டாரும் சேர்ந்து செய்கிறது. ரப்பர் என்றதும் எனக்கு இன்னொன்று தோன்றியது. பால்மரம் சீவிய கைகளின் பேரப்பிள்ளைகள் நாம். ரப்பரில் செய்த யானையைக் கும்பிடத் தகுதியில்லாதது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மலேசியாவில் நம் முன்னோர் கட்டிய ஆயிரக்கணக்கான ஆலயங்களில் கொட்டில் கிடையாது, சங்கிலி கிடையாது. பினாங்கில் வெள்ளி இரதம் வருகிறது, ஜோகூரில் தைப்பூசத்துக்குப் பொதுவிடுமுறையே உண்டு, காவடி ஆட்டத்தில் குறைவில்லை. யானை கட்டாததால் நம் பிள்ளையார் யாருக்கும் வரம் தராமல் போனதில்லை. இதைக் குறை என்று எண்ணிக் கேரளத்துக் காணொளியைப் பார்த்து ஏங்க வேண்டியதே இல்லை. கும்பாபிஷேகத்துக்கு யானை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நல்ல தச்சரிடம் சொல்லி ஒரு யானை வாகனம் செய்து வையுங்கள். இளைஞர்கள் தோள் கொடுக்கட்டும்.

நம் வாசலில் நிற்கும் யானை

தீபகற்ப மலேசியாவின் காடுகளில் உள்ள யானைகள் ஏறக்குறைய 1,200 முதல் 1,700 வரை என்பது வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் பழைய மதிப்பீடு. அவற்றில் ஒரு பங்கு ஜோகூரில் இருக்கிறது. குளுவாங், கோத்தா திங்கி, மெர்சிங், காஹாங் என்று நம் ஆட்கள் வேலை செய்கிற, வீடு வாங்கியிருக்கிற, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற அதே இடங்களில்தான். வடக்கே எண்டாவ் ரொம்பின் காடு இருக்கிறது. அதற்குத் தெற்கே காடு துண்டு துண்டாகிவிட்டது. ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் செம்பனை, சாலை, மின்வேலி.

இந்தக் காட்டை யார் வெட்டினார்கள்? கம்பெனி வெட்டச் சொன்னது, அரசு அனுமதி கொடுத்தது. மண்வெட்டி பிடித்த பல கைகளில் நம் கைகளும் இருந்தன. பெரட்டுக்கு வரிசையில் நின்று, மலைப்பாம்புக்கும் மலேரியாவுக்கும் பயந்து, பால்மரம் வைத்து, தண்டவாளம் போட்டு, சாலை போட்டவர்கள் நம் தாத்தா பாட்டிகள். அவர்கள் பாவம் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. ஆனால் யானை நடந்த தடத்தின்மேல்தான் லயம் நின்றது. லயத்து மூலையில் நாம் வைத்த பிள்ளையார் அந்த யானையின் முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்.

இளஞ்செம்பனையின் குருத்து யானைக்கு வெல்லம் மாதிரி. மூன்று ஆண்டு வளர்த்த கன்றுகள் ஓரிரவில் போய்விடும். கடன் வாங்கி நட்ட சிறுதோட்டக்காரருக்கும் ஃபெல்டா குடியேற்றக்காரருக்கும் அது வயிற்றில் அடி. மரவள்ளியும் வாழையும் நட்ட ஜக்குன் பூர்வகுடிக் கிராமங்களுக்கு அது அடுத்த மாதச் சோறு. பட்டணத்தில் உட்கார்ந்து “யானை பாவம்” என்று எழுதுவது சுலபம். விடிந்து பார்த்தால் தோட்டமே இல்லாதவருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும்? யானையின்மேல் அன்பு வைப்பவர் இவர்களையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

பெர்ஹிலித்தான் 1974 முதல் தோட்டத்துக்குள் வரும் யானைகளைப் பிடித்து வேறு காட்டில் விட்டு வருகிறது. பக்கத்தில் பழக்கிய யானை, அதோடு மயக்க ஊசி போட்ட காட்டு யானை என்று அந்தப் பயணம் நடக்கும். பகாங்கின் குவாலா காண்டா யானை மையம் அதற்காகவே உருவானது. ஆனால் யானையை எங்கே விட்டாலும் கதை முடிவதில்லை. தீபகற்பத்திலும் போர்னியோவிலும் 102 யானைகளுக்குக் கழுத்துப்பட்டி கட்டி, ஆறு லட்சம் இடக்குறிப்புகளுக்கு மேல் சேகரித்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, அவை நடமாடும் பரப்பில் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு வெளியேதான் என்று காட்டியது. பூங்கா எல்லைக்கல் நமக்குத்தான் தெரியும். யானை தன் பாட்டி நடந்த வழியைத் தேடுகிறது. அது தோட்டத்துக்குள் வரும், சாலையைக் கடக்கும், அதோடு வாழப் பழகுவதைத் தவிர வழியில்லை.

இங்கேதான் ஆலயங்கள் செய்ய நிறைய இருக்கிறது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஆயிரம் கார்கள் இரவில் உள்சாலைகளில் ஓடுகின்றன. ஒலிபெருக்கியில் காணாமல்போன பிள்ளையின் பெயர் சொல்கிற நாம், “யானை கடக்கும் சாலை, மெதுவாகப் போங்கள்” என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை கொடுக்கும்போது பிள்ளைகளுக்கு நம் மாவட்டத்து யானைகளைப் பற்றி அரை மணி நேரம் பேச ஒரு பெர்ஹிலித்தான் அதிகாரியைக் கூப்பிடலாம். லாரி ஓட்டுநர்களில், தோட்ட மேலாளர்களில், ஒப்பந்தக்காரர்களில் நம் ஆலயத் தலைவர்களும் உபயக்காரர்களும் இருக்கிறார்கள். இரவு லாரி எந்த வேகத்தில் போகிறது, மின்வேலி எந்த வழியை அடைக்கிறது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் அன்னதானத்துக்கு ஆகிற வெள்ளியில் ஒரு பங்கு, கன்றுகளை இழந்த பக்கத்துச் சிறுதோட்டக்காரருக்குப் போகட்டும். கணபதிக்கு இதைவிட நேரான காணிக்கை எனக்குத் தோன்றவில்லை.

---

பெட்டிச் செய்தி: யானை குறுக்கே வந்தால்

தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், உயர்விளக்கை இறக்குங்கள். இறங்கிப் படம் எடுக்க வேண்டாம், பழம் நீட்ட வேண்டாம். ஒரு யானை கடந்ததும் வண்டியை எடுத்துவிடாதீர்கள், பின்னால் குட்டி வரலாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டி நுழைவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. காது முன்னால் விரிந்து, தும்பிக்கை சுருண்டால் மெல்லப் பின்னால் நகருங்கள். யானை இங்கே 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு.

---

காஹாங் தாண்டி ஜெமாலுவாங் போகும் சாலை. இரவு ஒன்பது இருக்கும். எங்களுக்கு முன்னால் போன கார் நின்றது. எதிரே வந்த லாரியும் நின்றது. என்ன என்று கேட்க வாய் திறந்த என்னை மனைவி தொடையில் தட்டி அடக்கினாள்.

இடப்பக்கச் செம்பனை வரிசையிலிருந்து இருட்டின் ஒரு துண்டு பிரிந்து சாலைக்கு வந்தது. பெரிய பெண் யானை. நடுச்சாலையில் நின்று தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் ஒருதடவை, லாரி பக்கம் ஒருதடவை மோந்தது. பிறகு இன்னொன்று, அதன் வயிற்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி, அப்புறம் இரண்டு. பட்டமில்லை, குடையில்லை, வெண்சாமரமில்லை. முதுகில் காய்ந்த சேறு, ஒன்றின் தலையில் ஒரு செம்பனை ஓலைத் துண்டு தானாக ஒட்டியிருந்தது. காலடிச் சத்தமே கேட்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு மெதுவாகத் தாரில் பாதம் வைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. குட்டி சாலையோர வடிகாலில் தயங்கியது. தாய் திரும்பி, தும்பிக்கையைக் கொடுத்து ஏற்றியது.

என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். லாரிக்காரர் விளக்கை எப்போது அணைத்தார் என்று தெரியவில்லை. கடைசி யானையும் வலப்பக்கப் புதருக்குள் போய், கிளை முறியும் சத்தமும் அடங்கி, வெகுநேரம் ஆன பிறகுதான் அவர் வண்டியை எடுத்தார்.